எழுந்திருக்காத யானை

ஜூன் 3, செவ்வாய்

என் பெண் வாண்டின் பள்ளிப் பையில் ஒரு படப்புத்தகம். குழந்தைகளும் பெரியவர்களும் மனச்சோர்வைப் புரிந்துகொள்ள, நம்பிக்கை பெற என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. எழுதி வரைந்தது என் நாத்தனார். புத்தகம் போடுகிறாள் என்று தெரியும். எதைப் பற்றி என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா யானை ஒன்று குட்டையோரம் படுத்தே கிடக்கிறது. குட்டி யானை தினம் ஒரு பூ கொண்டுபோய்த் தலைமாட்டில் வைக்கிறது. ஏழாவது பூவுக்கு அம்மா எழுந்து நின்றுவிடுகிறது. வானவில். முடிந்தது கதை.

அந்த யானை போர்த்தியிருப்பது என் போர்வை. அதே நீலக் கட்டம், ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை உட்பட. போன வருஷம் நான் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தபோது நாத்தனார் எங்களோடு வந்து தங்கினாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். இதைத்தானா? நான் பல் தேய்க்காமல் கிடந்ததை ஊரெல்லாம் வண்ணத்தில் பார்க்கிறது.

இவரிடம் காட்டினேன். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். இந்த மனுஷனை என்ன செய்வது?

ஜூன் 5, வியாழன்

வேலைக்குப் போனேன், அரை நாள். பல்செட் செய்யும் இடத்தில் ஒரு நிம்மதி, யாரும் என் வாயைப் பார்ப்பதில்லை, அடுத்தவர் வாயை அச்செடுத்த மாவைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் அங்கேயும் வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி தன் அக்கா பிள்ளைக்கு யானைப் புத்தகம் வாங்கினாளாம். கடைசிப் பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். "பாசம் இருந்தா எந்த நோயும் ஓடிடும் இல்லக்கா?" என்றாள். அந்த யானை நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. ஆமாம் என்று தலையாட்டினேன். பல்செட்டுக்கு உருக்கிக்கொண்டிருந்த மெழுகு கருகிவிட்டது. திரும்ப முதலிலிருந்து.

ஓடிடுமாம். அப்படியானால் ஓடாதவளுக்குப் பாசம் போதவில்லை என்றுதானே அர்த்தம்? சே.

ஜூன் 9, திங்கள்

தலையணை முழுக்க எறும்பு. உறையை உதறினால் வாடிப்போன பூக்கள். மாடி வீட்டு அம்மா வேறு வந்து, தொட்டிச் செடியெல்லாம் மொட்டையாக நிற்கிறது, உங்கள் பெண்ணைக் கொஞ்சம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இவரோ, பிள்ளை ஆசையாக வைக்கிறாள், விட்டுவிடு என்கிறார். எறும்பு கடிப்பது என் கழுத்தை.

ஜூன் 10

எழவில்லை.

ஜூன் 11, புதன்

வாண்டின் டீச்சர் போன் செய்தார். இடைவேளையில் யாரோடும் விளையாடுவதில்லையாம். வேலியோரம் தனியாகப் பூப் பறித்துக்கொண்டே நிற்கிறாளாம். அதில் ஒன்றை ஒரு பையன் எடுத்ததற்கு அவனைக் கீழே தள்ளிவிட்டாளாம். வீட்டில் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். காலுறையைத் திருகினாள். அப்புறம்:

"ஏழு வெச்சேன். எட்டாவதும் வெச்சேன். நீ நேத்து எழுந்திரிக்கவே இல்ல. நான் ஏதோ தப்பா வெக்கிறேன்மா."

ஆறு வயசு. ஆறு வயசுப் பிள்ளை என்னைத் தூக்கி நிறுத்தக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவளைக் கட்டிக்கொண்டேன். இந்தப் புத்தகத்தை எரிக்கணும். எழுதினவ கையில குடுத்து அவளையே எரிக்கச் சொல்லணும்.

ஜூன் 12, வியாழன்

டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் நோயைப் பற்றிக் குழந்தைக்கு என்ன தெரியும் என்றார். தலைவலி என்று சொல்லிவைத்திருக்கிறோம் என்றேன். ஒரு வருஷமாகத் தலைவலியா என்றார்.

"அப்போ அந்தப் பொண்ணுகிட்ட பாதி உண்மையாவது சொன்னது அந்தப் புத்தகம் மட்டும்தான்."

எரிச்சலாக வந்தது. மாத்திரை எழுதத்தானே இந்த அம்மாவிடம் போகிறேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே குழப்பம்.

ஜூன் 14, சனி

நாத்தனார் வந்தாள். கையில் கேக், முகத்தில் கும்மாளம். இரண்டாம் பதிப்பு வருகிறதாம். இவர் நைசாக நழுவிவிட்டார்.

எட்டாவது பூவைப் பற்றிச் சொன்னேன். முகம் செத்துப்போயிற்று. முதலில் வாதம் செய்தாள். அம்மா கடைசிவரை படுத்தே கிடந்தால் எந்தப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பார்கள், நம்பிக்கை வேண்டாமா என்றாள். உன் நம்பிக்கை என் பிள்ளை முதுகில் மூட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்றேன். என் போர்வையைக் கேட்காமல் எடுத்ததையும் சொன்னேன். இன்னும் நிறையச் சொன்னேன். எழுத அசிங்கமாக இருக்கிறது.

அழுதுவிட்டாள். "நீங்க செத்துப்போயிடுவீங்கன்னு பயந்துட்டு இருந்தேன் அண்ணி. அந்தப் பதினஞ்சு நாளும். பேப்பர்லயாவது எழுப்பிடணும்னுதான் வரைஞ்சேன்."

இதற்கு நான் என்ன செய்ய? கோபம் பாதியில் நின்றுபோயிற்று. கேக்கை வெட்டினோம். இரண்டு பேரும் தின்னவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாண்டிடம் சொன்னேன். அம்மாவுக்குத் தலைவலி இல்லை. மனசில் ஒரு நோய். யாரும் கொடுத்ததில்லை, நீயும் கொடுத்ததில்லை. போகும், திரும்ப வரும், மறுபடி போகும். கடைசிப் பக்கத்தைக் காட்டி, இப்படிப் பூ வைத்து யாரையும் எழுப்ப முடியாது என்றேன்.

"அத்தை பொய் சொல்ல மாட்டாங்க."

"பொய் இல்ல. அத்தை ஆசைப்பட்டாங்க. என்னைத் தூக்கிவிடறது டாக்டர் வேலை, மாத்திரை வேலை, என் வேலை. அப்பா கூட இருப்பார். உன் வேலை இல்ல."

"அப்போ என் வேலை என்ன?"

எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. விளையாடு என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஓவென்று அழுதாள், வேலையை விட்டு நிறுத்தியது போல. இரண்டு நிமிஷத்தில் எல்லாம் சரியாவது புத்தகத்தில்தான் போலிருக்கிறது.

ஜூன் 16

என்னோடு பேசவில்லை. சப்தமில்லாமல் பள்ளிக்குப் போனாள்.

ஜூன் 24, செவ்வாய்

நாத்தனார் போன். கடைசிப் பக்கத்தை மாற்ற வேண்டும் என்று பதிப்பகத்தில் கேட்டாளாம், முடியாது என்றார்களாம். வாசகர்கள் வானவில்லை விரும்புகிறார்களாம். தூ. அவள் விடமாட்டேன் என்கிறாள். பார்ப்போம்.

வாண்டு கேள்வியாகக் கேட்டுத் தள்ளுகிறாள். அந்த நோய் எந்தப் பக்கம் வலிக்கும்? உனக்கு அப்போ என்னைப் பிடிக்குமா? எனக்கும் வருமா? தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். பாத்திரம் தேய்ப்பதைவிடக் களைப்பு.

ஜூலை 6, ஞாயிறு

கண் திறந்ததுமே தெரிந்துவிட்டது, இன்று முடியாது. மூன்று வாரத்துக்கு மேல் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடியும். என் மேலேயே அருவருப்பு. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வாண்டு கதவருகே வந்து நின்றாள்.

"இன்னிக்கு முடியலயா?"

"ம்."

"அப்பா இருக்காரா?"

"சமையலறைல."

"சரி."

கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே பிள்ளைகள் சத்தம். யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பெரிய சண்டை, இவள் குரல்தான் எல்லோருக்கும் மேலே. மதியச் சாப்பாட்டுக்கு இவர் மூன்று தரம் கூப்பிட்டார். நின்றபடியே இரண்டு வாய் தின்றுவிட்டு மறுபடி ஓடினாளாம்.

படுத்தபடியே இதை எழுதுகிறேன். வெளிச்சம் போகப்போகிறது, இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து ஒரு தரம்கூட என்னை எட்டிப் பார்க்கவில்லை.