தப்பு காய்ச்சக் கொஞ்சம் நெருப்பு

அனுப்புநர்:
கோ. வள்ளித்தாய்,
தலைவி, மகளிர் தப்பாட்டக் குழு,
காளியம்மன் கோவில் தெரு,
திருத்தங்கல்.

பெறுநர்:
விழா அலுவலர் அவர்கள்,
கரிசல் நாட்டுப்புறக் கலைவிழா,
விருதுநகர்.

பொருள்: காய்ச்சாத தப்பை அடிக்கச் சொல்லிப் பாதியில் மேடையை விட்டு இறக்கியது – நிறைவு நாளில் மறுவாய்ப்புக் கேட்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நாங்கள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள். வேலை முடிந்து கம்பெனி வேனில் வந்து இறங்கியபின் தப்படித்துப் பழகி, சுற்றுவட்டார அம்மன் கோவில் பொங்கல்களில் ஆடி வருகிறோம்.

2. கடந்த ஞாயிறு மாலை சிவகாசியில் நடந்த தங்கள் விழாவுக்கு எங்களை அழைத்திருந்தீர்கள். அன்று தூறல். ஈரத்தில் தப்பின் தோல் தொய்ந்துவிடும். வைக்கோல் தீயில் காட்டினால்தான் சத்தம் எழும். வைக்கோல் கொண்டுபோயிருந்தோம். தீப்பெட்டியைத்தான் ஒருத்தியும் கொண்டுபோகவில்லை. கம்பெனி வாசலில் தினமும் சோதனை உண்டு. மடியில் தீப்பெட்டி இருந்தால் அன்றோடு வேலை போய்விடும். அதனால் அடுப்படியைத் தாண்டி அதை எடுத்துப் பழக்கமில்லை. எங்கள் தவறுதான், மறைக்கவில்லை. கூட்டத்தில் கேட்டுப் பார்த்தோம். அவர்களும் எங்களைப் போல் பட்டாசு வேலைக்காரர்கள். ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்பும் சிவகாசியில் ஒருவர் பையிலும் ஒரு குச்சி இல்லை.

3. டீக்கடைக்கு ஓடிய எங்கள் குழுவின் பொன்மணி தீப்பெட்டியோடு திரும்புவதற்குள் மேடைக்கு அழைத்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுக்கும்படி தொகுப்பாளரைக் கெஞ்சினேன். "அடுத்த குழு காத்திருக்கு, வந்து அடிங்க" என்றார். அடித்தோம். சத்தம் எழவில்லை. பாதியில் நிறுத்தச் சொல்லி, "அடிக்கத் தெரிஞ்சவங்கள அனுப்புங்கப்பா" என்று மைக்கிலேயே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் பிரீத்திகா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

4. மறுநாள் வேனில் உடன் வேலை பார்க்கும் ரோஜா, "என்னக்கா, நமுத்துப்போன வெடி கணக்கா இருந்துச்சே உங்க தப்பு" என்றாள். அவளுக்குக் கேலி செய்ய உரிமை உண்டு; சிரித்துவிட்டேன். தொகுப்பாளர் சொன்னதை அப்படி விட முடியவில்லை. அடிக்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சு நிலைத்துவிட்டால் இனி எந்த ஊரிலும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

ஆகவே ஐயா, தொகுப்பாளர் மீது நடவடிக்கை எதுவும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு, நிறைவு நாளில், அதே திடலில், அதே மைக்கில் எங்கள் குழுவின் பெயரைச் சொல்லி அவரே எங்களை மேடைக்கு அழைக்கும்படி செய்யுங்கள். மேடைக்குப் பின்னால் தப்பு காய்ச்ச இடமும் சற்று நேரமும் தந்து உதவ வேண்டுகிறேன். பாதுகாப்புக்கு மணலும் தண்ணீரும் நாங்களே வைத்துக்கொள்வோம். அது கம்பெனியில் தினமும் செய்வதுதான். அன்றும் கம்பெனி விடுமுறைதான். ஆளுக்கொரு தீப்பெட்டி மடியில் இருக்கும்.

தங்கள் அழைப்பை எதிர்பார்க்கும்,
கோ. வள்ளித்தாய்

நாள்: 22.01.2025
இடம்: திருத்தங்கல்