அவள் அழாத காட்சி

அக்கா,

நீங்கள் விடாமல் பார்த்த நாடகத்தைத் தொலைக்காட்சியில் மறுபடியும் போடுகிறார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அதன் தொடக்க இசை உங்கள் வீட்டுப் பக்கமிருந்துதான் வருகிறது. நீங்கள் போன பிறகு பூட்டிய வீடு. லாபுத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளுக்கு இடையிலான பலகைச் சுவர்கள் கூரைவரை எட்டுவதில்லை. அதற்கடுத்த வீட்டுச் சத்தம் உங்கள் காலி அறைகளைத் தாண்டி வருகிறது. தெரிந்தும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்தக் கதாநாயகிக்கு மூன்று ஆண்கள். கல்லூரியில் காதலித்துக் கைவிட்டவன், குடித்துவிட்டு அடிக்கும் கணவன், அவள் வீட்டைவிட்டு ஓடியபோது உதவிய பஸ் டிரைவர். லயமே கணவன் கட்சி. “எவ்ளோ அடிச்சாலும் தாலி கட்டுனவன் லா,” என்பார் கடைசி வீட்டு அத்தை. நீங்கள் மட்டும் டிரைவர் பக்கம்.

“அவன் ஒருத்தன்தான் அவகிட்ட சாப்டியான்னு கேக்கறான்.”

“அக்காவுக்கு டிரைவர் மேல கண்ணு,” என்று சீண்டினேன்.

“போடி. எங்க வீட்ல இருக்கறதும் டிரைவர்தான். லோரி.”

உதட்டில் தையல் இருந்ததால் பாதிதான் சிரித்தீர்கள்.

உங்கள் வீட்டில் அடி விழும்போதெல்லாம் லயம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டும். அடுத்தவர் குடும்ப விஷயத்தைக் காதில் வாங்காத மரியாதையாம். செம்பனைக் காட்டில் பாம்பு என்றால் கட்டையோடு ஓடி வரும் அதே லயம்.

சிரம்பான் பக்கம் பாரோயில் என் தோழி வீட்டில் உங்களுக்கு அறை பார்த்திருந்தேன். பையைக்கூடக் கட்டிவிட்டீர்கள். அந்த வாரம்தான் கதாநாயகி டிரைவரை விட்டுவிட்டுக் கணவனிடம் திரும்பினாள். வீட்டுக்கு வீடு கைதட்டல். மறுநாள் பையைப் பிரித்துத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தீர்கள்.

“நாடகத்துலயே அவள விட மாட்றாங்க. என்னை விடுவாங்களா?”

நீங்கள் இறந்த மாலை நான் சிரம்பானில் வேலையில் இருந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக உங்கள் கணவர் சொன்னார். அலறல் ஏதும் கேட்டதா என்று தமிழ்ப் போலீஸ்காரர் விசாரித்தபோது லயம் ஒரே பேச்சாகச் சொன்னது: “அது நாடகத்துல சார். அவ கண்ணாடி முன்னால நின்னு கத்தி அழுதா.” அம்மாவும் அப்படித்தான் சொன்னார். நானும் நம்பினேன். உங்கள் கணவர் லாபுவை விட்டுப் போய் எங்கோ லோரி ஓட்டுகிறார்.

நீங்கள் இறந்த மாலை ஓடிய அந்தக் காட்சி நேற்று வந்தது. அவள் கண்ணாடி முன் நின்றாள். பொட்டை அழித்தாள். திரும்ப வைத்தாள். இசைகூட இல்லை. கடைசிவரை அவள் வாயைத் திறக்கவே இல்லை.

லயத்தில் ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் அந்த அலறலுக்காகக் காத்திருந்தோம். பிறகு ஒவ்வொரு வீடாகத் தொலைக்காட்சி அணைந்தது. அம்மா உங்கள் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அன்னிக்குக் கத்துனது…”



இன்று காலை அம்மாவும் நானும் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பினோம். “எங்க லா, ரெண்டு பேரும்?” என்றார் கடைசி வீட்டு அத்தை. “அன்னிக்குச் சொன்னத மாத்திச் சொல்லப் போறேன். நீயும் வா,” என்றார் அம்மா. அத்தை கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா ஒருவர்தான் வாக்குமூலம் கொடுத்தார்.

மாலையில் லயத்தில் யாரும் நாடகம் போடவில்லை. நான் போட்டேன், அக்கா. அன்று நான் கேட்காத உங்கள் குரல்தான் இப்போது என்னிடம் இருப்பது. திரையில் அவள் வாயசைத்துக்கொண்டிருந்தாள். சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, உங்கள் வீட்டுச் சுவர்ப் பக்கம் காதைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன்.