சங்-ஹோ உன்னிடம் வருகிறார்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
ஐப்பசி வெள்ளி

அன்புள்ள மகள் துஷ்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் ஒற்றுமையாய் இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நான் சுகம், குளிர் வந்ததும் முழங்கால் மட்டும் தன்பாட்டில் முனகத் தொடங்கிவிட்டது, அதைப் பெரிதாக எடுக்காதே. கைபேசியில்தான் முகம் பார்க்கிறோமே, இதென்ன புதிதாய்க் கடிதம் என்று யோசிப்பாய். இதை உன் கையில் தரப்போகிறவர் எங்கள் எதிர்க் கதவு ஷெல். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால்தான் அவரைப் பற்றி எழுதி அவரிடமே கொடுத்துவிடத் துணிந்தேன். அவர் தன் அண்ணனோடு கதைத்த அன்று நீங்கள் இருவரும் திரையில் அவருடைய முகத்தைத்தான் பார்த்தீர்கள். அதற்கு முன்னால் நடந்ததும், இந்தப் பக்கத்தில் நடந்ததும் உனக்குத் தெரியாது. கொரியாவில் உன் வீட்டில் ஒருவரை வைத்துப் பார்ப்பதென்றால் அவர் மனம் தெரிந்திருக்க வேண்டும்.

கொரிய முகம், நோர்வே வாய் என்று அப்பா அவரைச் சொல்லுவார், நினைவிருக்கிறதா? மூன்று வயதில் கொரியாவில் இருந்து இங்கே தத்து வந்த பிள்ளை. வளர்த்த தாய் தகப்பன் இருவரும் போய்விட்டார்கள், கலியாணம் கட்டவில்லை, பஸ் ஓட்டுகிறார், வேலை முடிந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பார். இத்தனை வருடத்தில் நான் அவரை ஷெல் என்று கூப்பிட்டதில்லை. எப்படிக் கூப்பிடுவது? எங்கள் ஊரில் ஷெல் என்று யாராவது கத்தினால் குண்டு விழப்போகிறது என்று பங்கருக்குள் ஓட வேண்டும். அந்தச் சொல்லைச் சிரித்த முகத்தோடு சொல்ல என் நாக்கு பழகவே இல்லை. தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டேன், அவரும் அப்படியே.

நீங்கள் வந்திருந்தபோது எல்லோரும் சேர்ந்து வளவு கூட்டிய டுக்னாட் நாளில் மருமகன் அவரைக் கண்டு, தன் நாட்டு ஆள் என்ற சந்தோசத்தில் குனிந்து வணங்கிக் கொரிய மொழியில் ஏதோ கேட்டாரே, அவர் முகம் சிவந்து இலைவாரியை மரத்தில் சாத்திவிட்டு உள்ளே போனதையும், பாவம் மருமகன் தான் என்ன பிழை விட்டேன் என்று தவித்ததையும் நீ பார்த்தாய். அடுத்த நாள் நீ குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்கப் போன நேரம் அவர் தானாகவே வந்து பெல் அடித்தார். கோப்பி போட்டுக் கொடுத்தேன். அவரும் மருமகனும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். எனக்கு விளங்கியது பாதி, மீதியை அவர் பிறகு ஆறுதலாக எனக்கு நோர்வே மொழியில் சொன்னார். அவருக்கு இரண்டாவது பெயர் ஒன்று இருக்கிறது, சங்-ஹோ. கொரியாவில் இருந்து அவரோடு வந்தது அது மட்டும்தான். இங்கத்தைய மொழியில் சங் என்றால் பாட்டு, பாடியது என்றும் வரும். ஹோ என்று எழுதியதை இங்கே ஹூ என்று வாசிப்பார்கள், நாட்டுப்புறப் பேச்சில் அது அவள். பள்ளிக்கூடத்தில் பெடியள் 'பாடினாளாம், பாடினாளாம்' என்று பின்னாலேயே வந்து பழிப்புக் காட்டியிருக்கிறார்கள். முகத்துக்கு ஒரு நக்கல், பெயருக்கு ஒரு நக்கல். அதோடு அந்தப் பெயரை எங்கேயும் எழுதுவதை விட்டுவிட்டாராம்.

மருமகன் அந்தப் பெயரை மெதுவாக, சரியாகச் சொன்னார். ஹூ இல்லை, ஹோ. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொருக்காச் சொல்லுங்கோ என்றார். பிறகு, அது ஆம்பிளைப் பேர்தானே என்று கேட்டார். துஷ்யா, அறுபதை எட்டிப்பார்க்கிற மனிசன் கேட்ட கேள்வி அது. மருமகன் சிரிக்கவில்லை. ஓம், நல்ல ஆம்பிளைப் பேர், என்ரை வகுப்பிலேயே இரண்டு சங்-ஹோ இருந்தவங்கள், ஒருத்தன் பெரிய சண்டியன் என்றார். பெயருக்குக் கருத்து என்ன என்றதற்கு, சத்தத்தை வைத்துச் சொல்ல ஏலாது, வைத்தவர்கள் எந்தச் சீன எழுத்தை நினைத்து வைத்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றார். பெற்றவர்கள் வைத்ததா, பிள்ளையை அனுப்பிய இடத்தில் யாரோ வாயில் வந்ததை வைத்ததா என்பதும் தெரியாது. கடைசியாக மருமகன் தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். அவர் இன்-சொப், தமையன் இன்-ஹ்வான், சித்தப்பா மகன் இன்-தே. பல குடும்பங்களில் ஒரு தலைமுறை ஆண்பிள்ளைகளின் பெயரில் ஓர் அசை பொதுவாக இருக்குமாம். ஷெல் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு, அப்ப எங்கையாவது இன்னொரு சங் இருக்கலாமோ என்று கேட்டார். அதற்குத்தான் மருமகன் கொரியத் தூதரகத்தில் எச்சில் கொடுத்து இரத்த உறவு தேடும் வழியைச் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை, நீ அழுவாய். மூன்று பேருக்கு உலை வைத்துப் பிறகு அரிசியை அள்ளி எடுத்த நாட்களும் உண்டு. அப்படி ஒரு பின்னேரம் அவர் கதவடியில் வந்து நின்று, மருமகன் சொன்ன மாதிரி என்ரை பேரை ஒருக்காச் சொல்லுவீங்களோ, எனக்குச் சத்தம் மறந்து போகுது என்றார். சொன்னேன். ஒஸ்லோ முழுவதிலும் அதைச் சொல்ல ஒரு வாய்தான் இருந்தது, அது யாழ்ப்பாணத்து வாய். அன்றிலிருந்து படியில் கண்டால் சங்-ஹோ என்றுதான் கூப்பிடுவேன். அவரும் தங்கேஸ்வரி என்று முழுப்பெயரும் சொல்லப் பழகினார், அந்த ஸ்வ அவரைப் படாத பாடு படுத்தியது. கோயிலில் நான் துஷ்யாவின் அம்மா, வேலையில் தங்கே. அப்பா கண்மூடிய பிறகு என் பெயரை முழுதாகக் கேட்டது அவர் சொல்லித்தான். நீ வேறு ஒன்றும் நினையாதே பிள்ளை, இரண்டு கதவுகள் திறந்து மூடுகிற அளவு சிநேகம்தான்.

எச்சில் கொடுக்கப் புறப்பட்டுவிட்டு ரி-பாண ரயில் நிலைய வாசல்வரை போய்த் திரும்பி வந்திருக்கிறார். ஒருவரும் தேடாமல் இருந்தால் அதையும் அறிய வேண்டி வருமே என்றார். கடைசியில் நான் கூடப் போனேன். கோடை முழுக்கப் பதில் இல்லை. புரட்டாசியில் ஒரு நாள் நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருக்க, காலுறையோடு ஓடிவந்து கதவில் நின்றார். கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பிறகு, எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், அவரின்ரை பேர் சங்-ஜின் என்றார். சப்பாத்துத் தட்டிலேயே குந்தி இருந்து சிரிக்கிறார், அழுகிறார். அது பிள்ளையை அனுப்பின கந்தோர் வைச்ச பேர் இல்லை தங்கேஸ்வரி, அப்பா வைச்ச பேர், அப்பா வைச்ச பேர் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாக் கையோடு நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

இனி அந்தத் தொலைபேசி நாள். மருமகன் மொழிபெயர்க்க, கொரியாவில் மாசான் என்ற ஊரில் இருந்து அண்ணன் கதைத்தார். தகப்பன் கடலில் போனதும், தாய் நோயில் விழுந்ததும், பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்ததும் நீயும் கேட்டாய். நீ காணாதது, மேசைக்குக் கீழே இவருடைய கால் ஆடிய ஆட்டத்தில் தண்ணீர்க் கோப்பை நடுங்கியது. மருமகன் தொடங்குவதற்கு முன்னமே அந்த அண்ணன் பொறுக்க மாட்டாமல் 'சங்-ஹோயா!' என்று கூப்பிட்டாரே, அந்த யாவை நாங்கள் ஒருவரும் இவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மூத்தவர்கள் சின்னவர்களைக் கூப்பிடுகிற யா என்று பிறகுதான் மருமகன் சொன்னார். அதற்கு இவர் தொண்டைக்குள்ளால் 'உங்' என்றார். சின்னப் பிள்ளை தாய்க்கு ஓம் சொல்லுகிற மாதிரி. நீங்கள் அங்கே அழுததில் அதைக் கவனித்தீர்களோ தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு, அதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். எதைச் சொல்லுறீங்கள் என்றார். தான் சொன்னதே அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறார். அவர் பெட்டியில் பாதி இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். உனக்கு வறுத்த மிளகாய்த்தூள், மருமகனுக்கு அவர் விரும்பிச் சாப்பிட்ட மண்ணிறப் பாற்கட்டி. நீங்களும் வாங்கோ என்று என்னையும் வருந்திக் கூப்பிட்டார். காலில் இரத்தம் கட்டிய பிறகு டொக்டர் நீண்ட பறப்பு வேண்டாம் என்றது உனக்குத் தெரியும்தானே. நான் காணாத உன் வீட்டை, நீ சமைக்கிற அடுப்பை, நீ கப்பல் தளத்துக்கு வேலைக்குப் போகிற தெருவை அவர் காணப்போகிறார். எனக்குப் பொறாமை என்று எழுதினால் சிரிக்காதே. அவருக்கு உறைப்பைக் குறைத்துப் போடு, மீனை முள் எடுத்துக் கொடு. மாசானுக்குப் போகும்போது மருமகன் வாசலில் கொஞ்சம் பின்தங்கி நிற்கட்டும். கட்டிப்பிடிக்கிறதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, தளத்தில் ஏணி ஏறும்போது கவனம்.

முருகன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. திரும்பி வர ரிக்கற் எடுத்துத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அங்கே அண்ணன் நில் என்று சொன்னால், அவருக்கும் நிற்க மனம் வந்தால், என்னை நினைத்து இழுபடுவார். நேரே கேட்க மாட்டார், அம்மா தனியவோ என்று உன்னிடம் சுற்றிவளைத்துக் கேட்பார். இல்லை, அம்மாவுக்கு இஞ்சை நிறைய ஆக்கள் இருக்கினம் என்று சொல்லு. முகம் மாறாமல் சொல்லு, பிள்ளை.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
தங்கேஸ்வரி தண்டபாணி