காற்றுப் புகாத கொட்டகை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே இரண்டு கால் உள்ளவர்கள் எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், நம்புவதற்குச் செலவா வருகிறது. நாலு கால் உள்ளவர்களின் சங்கதியைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் ஒரு வரி சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று ஒன்பது வரி திருத்துவார், அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் பசு செவலைக் கன்று போட்டதை முன்பே சொன்னேன். அது ஒற்றையாய் நிற்பதைப் பார்த்து உன் சித்தப்பாவுக்கு மனசு தாங்கவில்லை. எதற்கெடுத்தாலும் "எனக்குத் தெரியும்ல" என்று ஆரம்பிக்கிற மனிதர், துணையில்லாத கன்று ஏங்கியே இளைத்துப் போகும் என்பதும் தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சந்தையிலிருந்து ஒரு கறுப்புக் கன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டியில் குலுங்கி வந்ததில் அது நிற்கவே தள்ளாடியது. உன் அப்பா அதைப் பார்த்த நிமிஷமே 'சனியன்' என்று பெயர் வைத்துவிட்டார். அதற்குள் குளிரும் வந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போய், கொட்டகையைச் சுற்றிச் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வைத்து ஆணி அடித்தார்கள். இனிமேல் ஒரு கொசு நுழைய முடியாது என்று உன் அப்பாவுக்குப் பெருமை. கொசு நுழையவில்லை, உண்மைதான். காற்றும் நுழையவில்லை.

கொஞ்ச நாளில் கறுப்புக் கன்று இருமத் தொடங்கியது, மூக்கில் முதலில் தண்ணீராய் வழிந்தது, அப்புறம் கெட்டியாகிவிட்டது. எல்லோரும் அதைச் சுற்றியே நின்றோம். செவலை சத்தமே போடாமல் மூலையில் படுத்திருந்தது, அதைச் சமர்த்துக் கன்று என்று உன் அப்பா மெச்சிக்கொண்டார். வாளியைக் கீழே வைப்பதற்குள் முட்டித் தள்ளுகிற பிசாசு அது, அன்றைக்கு மெதுவாக எழுந்து வந்து பாதிப் பாலை அப்படியே விட்டுவிட்டுப் போனது. ஒரு காது தொங்கிக் கிடந்தது. ஓடவில்லை, ஆடவில்லை, படுத்த இடத்திலேயே விலா மட்டும் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. இதற்கும் உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பால் குடித்த மயக்கம் என்றார் உன் அப்பா. எனக்குத் தெரியும்ல அண்ணி, இது வயித்துப் பொருமல்தான் என்று சித்தப்பா ஒரு பாட்டில் எண்ணெயோடு வந்து அதன் தலையைத் தூக்கிப் பிடித்தார். மூச்சுக்கே திணறுகிற வாயில் எதை ஊற்றுவது, பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு நானே மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

டாக்டரம்மா வந்ததும் இரண்டுக்கும் ஜுரம் பார்த்தாள், நூற்றைந்தைத் தாண்டியிருந்தது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், நிமோனியா என்றாள். எண்ணெய் ஊற்றியிருந்தால் நேராக நுரையீரலுக்கே போயிருக்கும் என்றாள். பிறகு நம் வீட்டுப் பொறியாளர்கள் இருவரையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் கன்னுக்குட்டி உயரத்துக்குக் குனிஞ்சு கொஞ்ச நேரம் மூச்சு விட்டுப் பாருங்க" என்றாள். குனிந்தார்கள். மூத்திர நெடி தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். அன்றைக்கே மேல்பாதித் தாளையெல்லாம் கிழித்தோம், கன்று படுக்கிற உயரத்துக்கு மட்டும் வாடைக்காற்று அடிக்காமல் மறைப்பு வைத்தோம், ஈர வைக்கோலை வாரிவிட்டுக் காலே புதைகிற அளவு காய்ந்தது போட்டோம், பெரிய மாடுகளிடமிருந்து இரண்டையும் பிரித்துக் கட்டினோம். ஊசியும் போட்டாள், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்கச் சொன்னாள். கறுப்புக் கன்றைத் தடவிக்கொண்டே, கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

அது மறுநாள் காலையில் போய்விட்டது. சனியன் சனியன் என்று திட்டித் தீர்த்த மனிதர்தான் குழி வெட்டினார். தம்பி மண்வெட்டியைக் கேட்டும் கொடுக்கவில்லை. அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சித்தப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியலையே அண்ணி" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

செவலை பிழைத்துக்கொண்டது. ஊசி போட்ட இரண்டாம் நாளே துள்ள ஆரம்பித்ததும், குணமாகிவிட்டது, மிச்ச ஊசி எதற்கு, பாவம் வலிக்குமே என்றார் உன் அப்பா. துள்ளுறது காலு, நுரையீரல் இல்லை, சொன்ன நாள் வரைக்கும் போட்டே ஆகணும் என்று டாக்டரம்மா அதட்டியதும் அடங்கினார். இப்போது ஜுரமானியைச் சட்டைப் பையில் பேனாவோடு குத்திக்கொண்டு திரிகிறார், காலையும் மாலையும் கன்றின் வாலைத் தூக்கிப் பார்க்கிறார். போன வாரம் உடம்பு சுடுகிறதே என்று சித்தப்பா அந்தப் பையிலிருந்து எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். உன் அப்பா அவசரப்படாமல், ஜுரம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் அது வழக்கமாகப் போகிற இடத்தைச் சொன்னார். ஜுரம் அப்போதே இறங்கிவிட்டது.

ஓடினால் செவலைக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு இளைக்கிறது. வளர்ந்து மாடானாலும் பால் குறைவாகத்தான் கறக்கும் போலிருக்கிறது என்றாள் டாக்டரம்மா. பாலுக்காகவா வளர்க்கிறோம் என்று கோபித்துக்கொண்டார் உன் அப்பா. வேறு எதற்காக என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் தீர்க்காயுசாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அடுத்த தடவை போன் பண்ணும்போது முதலில் கன்றை விசாரித்துவிடு, இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கு மற்றப் பேச்சு காதில் ஏறாது. அதன் ஜுரம், சாணம், தும்மல் எல்லாம் அவர் சொல்லி முடித்த பிறகு உனக்குப் பொறுமை மிச்சமிருந்தால், அம்மா எப்படி இருக்கிறாள் என்றும் ஒரு வார்த்தை கேள். இந்த வீட்டில் அதைக் கேட்க வெளியூரிலிருந்துதான் ஆள் வரவேண்டியிருக்கிறது.

முத்தங்களோடு,
உன் அம்மா