மஞ்சள் போர்டும் ஈரத் தரையும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குட்டிப் பயல் மூவரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம், ஆனால் உன் அம்மா வலது கையில் மாவுக்கட்டோடு எதிரே உட்கார்ந்திருக்கும்போது அப்படி எழுத மனசு கூசுகிறது. வீக்கம் வடிந்துவிட்டது, விரல்களை அசைக்கிறாள், கட்டுப் பிரிக்கத்தான் இன்னும் நாளாகுமாம். சமையல் இப்போது உன் தம்பியும் நானும்தான். நாங்கள் ஆக்கிப் போடுவதை அவள் வாய் பேசாமல் சாப்பிடுகிறாள், அதிலிருந்தே அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நீ தெரிந்துகொள்ளலாம்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சொல்ல வாய் வரவில்லை அம்மாடி. அம்மா விழுந்த அன்று போனில் உன்னிடம் நான் என்ன சொன்னேன், தரை ஈரம் என்று போர்டு வைத்திருந்தேன், அதைப் பார்க்காமல் அவசரமாகப் போய் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். நீயும் பதறிப்போய் அவளிடம், போர்டு வச்சும் கண்ணு தெரியலையா, எதுக்கும்மா எப்பப் பாரு இந்த ஓட்டம் என்று சத்தம் போட்டாய். அவள் சரிம்மா, இனிமே பாத்து நடக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

நடந்தது வேறு. ஓய்வு பெற்று வரும்போது தொழிற்சாலையிலிருந்து ஒரு மஞ்சள் போர்டு கேட்டு வாங்கி வந்தேனே, ‘கவனம், ஈரத் தரை’ என்று எழுதியது, நீகூடப் பார்த்துச் சிரித்தாய். பாதுகாப்பு மேற்பார்வையாளர் வீடு இல்லையா, குளியலறை வாசலில் அது நின்றால் எனக்கு ஒரு கெத்து. குளித்தவர்கள் தண்ணீரைத் தள்ளித் தரையைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும் என்று நம் வீட்டில் சட்டம் போட்டதும் நான்தான். நீங்கள் எல்லோரும் செய்தீர்கள். நான் மட்டும் போர்டை விரித்து வைத்துவிட்டுக் காபியோடு உட்கார்ந்துவிடுவேன், பின்னாலேயே உன் அம்மா போய்த் துடைப்பாள். அன்றைக்கு நான் நுரை போகத் தண்ணீர்கூட ஊற்றவில்லை, சோப்பும் தரையிலேயே கிடந்தது. அவள் போர்டைப் பார்க்காமல் போகவில்லை. அதை மடித்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, துடைக்கத்தான் உள்ளே போனாள். வழுக்கியதும் துண்டு போடுகிற கம்பியைப் பிடித்திருக்கிறாள், அது சுவரோடு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது.

தொழிற்சாலையில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன், போர்டு வைத்தால் வேலை முடிந்ததா, கொட்டிய எண்ணெயை உன் மாமனாரா வந்து துடைப்பார் என்று. டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டபோது அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என் கவனக்குறைவுதான் டாக்டர் என்று சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அப்பாடா தப்பித்தோம் என்றும் இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

உன் தம்பி சுவரில் துளை போட்டு உறுதியான கைப்பிடிகள் வைத்துவிட்டான், வழுக்காத ரப்பர் விரிப்பும் போட்டாயிற்று, உள்ளே யாராவது விழுந்தால் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி தாழ்ப்பாளையும் மாற்றினோம். நீயும் உன் வீட்டில் இதையெல்லாம் செய். குட்டிப் பயல் தவழ்கிறான், வாளியில் தண்ணீரை நிரப்பி வைக்காதே, தரை கழுவுகிற மருந்துகளை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வை, அவனைக் குளிப்பாட்டும் முன் தண்ணீரில் உன் கையை விட்டுச் சூடு பார். மாப்பிள்ளை குளித்துவிட்டுத் துடைக்கிறாரா? நான் கேட்டதாகச் சொல்லாதே, ஆனால் நீ பின்னால் போய்த் துடைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம் கண்ணு.

இப்போதெல்லாம் நான்தான் மண்டி போட்டு மூலை முடுக்கெல்லாம் துடைக்கிறேன். துடைச்சாச்சு, வா என்று கூப்பிட்டால் உன் அம்மா வாசலிலேயே நின்று, கால் கட்டைவிரலை நீட்டித் தரையைத் தொட்டுப் பார்க்கிறாள். ஒருமுறை இல்லை, தினமும். தொட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே கால் வைக்கிறாள். கையை டாக்டர் சரியாக்கிவிடுவார். இதை நான்தான் சரியாக்கவேண்டும், எப்படி என்று தெரியவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். கடிதம் கிடைத்ததும் மறக்காமல் போன் செய், எனக்கு இல்லை, அம்மாவுக்கு. அன்றைக்கு நீ திட்டியதற்கு வருத்தப்படுவதாக அவளிடம் சொல். இதை ஒட்டித் தபாலில் போடுமுன் அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன். உண்மையை எழுதிவிட்டேன் என்று வாயால் சொன்னால் நம்பமாட்டாள், அவளே படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
உன் அப்பா