இனி நடுவர்

மே 6, செவ்வாய்
விடியும்போதே வெக்கை. வலது முழங்காலுக்கு ஐஸ். கோவா கால்பந்து கிளப்பில் டிஃபென்டராக ஆடிய கடைசி வருஷம் ஆபரேஷன் செய்த கால். இனி ஆட முடியாது, சரி. மைதானத்தை விட்டுப் போக மனமில்லை. நடுவர் எழுத்துத் தேர்வு பாஸ். ஓட்டத் தேர்வில் கடைசிச் சுற்றில் நின்றுவிட்டேன். மறுபடி 20-ஆம் தேதி, மதுரையில்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து மச்சான் போன். தக்காளி மண்டியைப் பார்த்துக்கொள்ள வரச்சொல்கிறார். தேர்வு முடியட்டும் என்றேன். மனைவி ஸ்டெல்லா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஷூ லேஸ் வாங்க வேண்டும்.

மே 13
சிறுமலை ரோட்டில் ஏற்றத்தில் ஓட்டம். பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "ஏம்ப்பா, பஸ்ஸ விட்டுட்டியா?" சிரிப்பு வந்தது. நிற்கவில்லை.

மே 20
மதுரை. கடைசிச் சுற்றில் அதே வலி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். பாஸ்.

ஸ்டெல்லாவுக்கு போன்.  "மண்டிக்கு வரலன்னு அண்ணங்கிட்ட நானே சொல்லிர்றேன்" என்றாள்.

ஜூன் 1, ஞாயிறு
ஆத்தூர். ராத்திரி பெய்த மழையில் மைதானம் சேறு. நடுவராக முதல் ஆட்டம். ஒரு பக்கம் யூசுப்பின் டீம் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. பள்ளியில் என்னோடு ஆடியவன். இப்போது தோல் கடை; டீமையும் அவன்தான் நடத்துகிறான். வேறு நடுவரைப் போடுங்கள் என்றேன். ஆள் இல்லையாம். எதிர் டீம் பரவாயில்லை என்றது.

ஆட்டம் முடியும் நேரம். சமநிலை. யூசுப்பின் ஆள் கோல் பக்கத்தில் எதிர் டீம் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். விசில். பெனால்டி. கோல்.

யூசுப் உள்ளேயே வந்துவிட்டான். "ஏலே, நம்ம பயலுகடா."

"ஒங்க எடத்துக்குப் போங்க" என்றேன்.

பள்ளி நாளிலிருந்து அவனை வாங்க, போங்க என்று சொன்னதில்லை. முகம் சுருங்கித் திரும்பி நடந்தான்.

ஜூன் 3
கால் வீக்கம் பரவாயில்லை. யூசுப் போன் எடுக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. கேஸ் புக் செய்ய வேண்டும். விசில் அடித்தது சரி. அதில் மாற்றமில்லை. 

ஜூன் 5
சாயங்காலம் யூசுப் வந்தான். உட்காரவில்லை. ஸ்டெல்லா கொடுத்த டீயை நின்றபடியே குடித்தான். யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்தானாம்.

"இழுத்தது இழுத்ததுதான். ஆனா எனக்கு இன்னும் ஆறலடா."

ஆறட்டும் என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பழனி டோர்னமென்ட்ல யார ரெஃப்ரியா போடலாம்னு கேட்டாக. ஒம் பேரச் சொல்லிருக்கேன்."

"அங்கயும் இழுத்தா விசில் அடிப்பேன்."

"தெரியும்" என்றான்.