ஏழாம் எண் வண்டியில் புது மாலை

மார்ச் 4, திங்கள்

தாய்லாந்து ஸ்ரீராச்சா கிடங்கில் வண்டிகளுக்கு நான்தான் பொறுப்பு. இந்த ஆண்டு ஒரே ஒரு ஃபோர்க்லிஃப்டைத்தான் மாற்றலாம். மூன்றாம் எண்ணா, ஏழாம் எண்ணா? வெள்ளிக்கிழமை மேலாளரிடம் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டியவை:

1. வயது.
2. பழுதுச் செலவு.
3. ஓட்டுநரின் புகார். புகார் இல்லாத வண்டி நல்ல வண்டி.

முதல் இரண்டிலும் வித்தியாசம் அதிகமில்லை. மூன்றாவதுதான் கைகொடுக்கும்.

மார்ச் 5

கேட்டுப் பார்த்தேன். மூன்றை ஓட்டும் கம்தோன், “இது வண்டியா பெரியப்பா? எருமை. என் முதுகே போச்சு” என்றான். ஏழு லம்யாயுடையது. “நல்லாத்தான் ஓடுது பெரியப்பா. நீங்க வெயில்ல நிக்காதீங்க” என்று சிரித்தாள்.

வண்டியைக் காக்கும் தாய்த் தெய்வத்துக்கு எல்லோரும் புத்தாண்டில் வண்டி முகப்பில் கட்டிய மாலை காய்ந்து தொங்குகிறது. இவள் மட்டும் தினமும் புது மல்லிகை கட்டுகிறாள். வண்டிமேல் எவ்வளவு பாசம்!

மார்ச் 8

மூன்றை மாற்றச் சொல்லிவிட்டேன். “ஏழு தாங்குமா?” என்றார் மேலாளர். தாங்கும் என்றேன். நானா அவ்வளவு உறுதியாகச் சொன்னது?

மார்ச் 13

சரிவில் ஏழுக்கு பிரேக் பிடிக்கவில்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே லம்யாயின் கால் —



மார்ச் 15

ஆஸ்பத்திரி. காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். பழையபடி நடப்பாளா, டாக்டர் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் படுத்தபடியே கைகூப்பினாள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“பிரேக் எப்பலேருந்து இப்படி?”

“மழைக்காலம் முடிஞ்சதுலேருந்து.”

“ஏம்மா சொல்லல?”

“இந்த வயசுல நீங்களே அலையறீங்க. நான் வேற உங்களைச் சங்கடப்படுத்தணுமா?”

கூட இருந்த கம்தோன் தலையைக் குனிந்துகொண்டான். “கத்துனவன் நான். எனக்குப் புது வண்டி.”

மாலையைப் பற்றிக் கேட்டேன்.

“பயம் பெரியப்பா. தாய்கிட்ட மட்டும் சொல்லிக்குவேன்.”

நானும் இந்த ஊர்க்காரன்தானே. பெரியவர்களிடம் குறை சொல்ல நானே ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இது எனக்கா தெரியாது? ச்சே.

மார்ச் 18, திங்கள்

நான் சொன்னது பிழை என்று மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். ஏழு பழைய இரும்புக்குப் போகிறது. புது வண்டி அதன் இடத்துக்கு. “எனக்கு எருமையே போதும்” என்றான் கம்தோன்.

பிறகு ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பதினொன்றாம் எண்ணில் ஈரம் காயாத மாலை. ஓட்டுகிறவன் என்னைப் பார்த்துச் சிரித்து, “ஒண்ணுமில்ல பெரியப்பா” என்றான். சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

என் பட்டியலில் மூன்றாவது தவறு.